பழைய வண்டியும் செந்நிற எண்ணெயும்

 

குடும்ப மாத இதழில் மோட்டார் வண்டியின் எண்ணெயைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஆனால், வளைகுடா நாடுகளில் பிழைக்கச் சென்ற நம்மவர் வாங்கும் முதல் வண்டி பெரும்பாலும் பிறர் ஓட்டிக் கழித்த பழைய வண்டியாகவே இருக்கிறது. அதுவும் தானியங்கி கியர் வண்டி. ஊரிலிருந்து வரும் உம்மாவும் வாப்பாவும், மனைவி மக்களும் அதில்தான் ஏறுகின்றனர். இலங்கையிலுள்ள நம் உறவினர் வீடுகளிலும், ஜப்பானில் ஓடியபின் கப்பலேறி வந்த இத்தகைய வண்டிகள் பல நிற்கின்றன. அவற்றை வைத்திருப்போர் என்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றுவர். டயரைத் தட்டிப் பார்ப்பர். கியர்ப் பெட்டிக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது என்பதையோ மறந்தே போவர். நானும் அப்படி மறந்தவன்தான். அதனால் நேர்ந்ததை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

நான் அப்போது ஷார்ஜாவில் ஒரு நிறுவனத்தில் கணக்கெழுதி வந்தேன். 2012 ஆம் ஆண்டு, 2003 ஆம் ஆண்டுத் தயாரிப்பான கேம்ரி வண்டி ஒன்றை, ஊர் திரும்பிக்கொண்டிருந்த நண்பரிடமிருந்து வாங்கினேன். ஒரு இலட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. நல்ல வண்டி. ஐந்தாண்டுகள் அது எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நான்தான் அதற்குக் குறை வைத்தேன். அந்த ஐந்தாண்டுகளில் கியர் எண்ணெயை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

2017 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், காலையில் கியர்க் கம்பியை 'டி' என்னும் இடத்திற்குத் தள்ளினால் வண்டி சற்றே தயங்கிப் பிறகு 'டக்'கென்று இழுக்கலாயிற்று. பக்கத்துத் தெருக் கராஜ் ஒன்றில் காட்டினேன். "கியர் ஆயில் மாற்றினால் சரியாகிவிடும்" என்றார்கள். ஒரு பெரிய பீப்பாயிலிருந்து சிவப்பு எண்ணெயைப் பிடித்தார்கள். இயந்திரம் ஒன்றைக் குழாய்களில் பொருத்திப் பழையதை உந்தி வெளியேற்றினார்கள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. என்ன எண்ணெய் என்று நான் கேட்கவில்லை. எல்லா வண்டிக்கும் இதுதான் என்று அவர்களாகவே சொன்னார்கள்.

சில வாரங்களில் புதிய நோய் ஒன்று தோன்றிற்று. அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில் மெல்ல மிதித்துச் செல்கையில், வேகத்தடைக் கோடுகளின்மீது ஏறிச் செல்வது போல வண்டி முழுதும் நடுங்கியது. டயரைச் சமன் செய்தேன். நடுக்கம் நிற்கவில்லை.

அவ்வாண்டு நோன்புப் பெருநாள் ஜூன் மாதக் கடைசியில் வந்தது. பெருநாளுக்கு மறுநாள், ஊரிலிருந்து வந்திருந்த உம்மாவையும் மனைவி மக்களையும் ஏற்றிக்கொண்டு ஃபுஜைராக் கடற்கரைக்குப் புறப்பட்டேன். தைத் ஊரைக் கடந்து மஸாஃபி மலைப் பாதையில் ஏறுகையில், என்ஜின் உறுமுகிறது. வண்டியோ நகர மறுக்கிறது! மிதிக்க மிதிக்க முள் மேலே ஏறுகிறது, சக்கரம் மட்டும் சுழல மாட்டேன் என்கிறது. பின்னால் லாரிகள் ஒலியெழுப்ப, ஒருவாறு ஓரம் கட்டினேன். நண்பகல் வெயில். உம்மாவுக்கு இரத்த அழுத்தம் உண்டு. கையிலிருந்த தண்ணீர் இரண்டே புட்டிகள். கைக்குழந்தை அழத் தொடங்கியது. அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வியர்க்கிறது.

பட்டாணியர் ஒருவர் லாரியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். முதலில் குழந்தைக்கும் உம்மாவுக்கும் குளிர்ந்த நீர் கொடுத்தார். பிறகு என்னை என்ஜினை ஓடவிடச் சொல்லி, பானெட்டைத் திறந்து, நான் ஐந்தாண்டுகளாகத் தொடாத ஓர் அளவுக் குச்சியை உருவினார். துணியில் துடைத்து மீண்டும் செருகி எடுத்தார். குச்சியின் நுனியில்கூட எண்ணெய் ஒழுங்காக ஒட்டவில்லை. அதில் ஏதோ எழுதியிருக்கிறதே, படியுங்கள் என்று என்னிடம் நீட்டினார். 'டைப் டி-4' எண்ணெயை மட்டுமே ஊற்றவேண்டும் என்று அந்த உலோகத்திலேயே பொறித்திருந்தது! எழுதப் படிக்கத் தெரியாத அவர் அதைக் கண்டார்; கணக்கெழுதிப் பிழைக்கும் நான் காணவில்லை.

வண்டி ஆறும்வரை காத்திருந்து, குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு, கியரை 'இரண்டில்' வைத்து ஊர்ந்தபடி தைத் திரும்பினோம். உதிரிப் பாகக் கடை ஒன்றைத் தேடி, குச்சியில் கண்ட அதே எண்ணெயில் ஒரு லிட்டர் வாங்கி ஊற்றியபின் வண்டி இழுத்தது. அஸர் தொழுகையை அங்கே முடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். அல்ஹம்துலில்லாஹ்.

இனி, அந்தப் பெட்டிக்குள் நடப்பது என்ன என்பதைச் சொல்கிறேன். இதை எனக்கு விளக்கியவர் ஷார்ஜாத் தொழிற்பேட்டையில் தானியங்கி கியர்ப் பெட்டிகளை மட்டுமே பழுது பார்த்து வந்த நாகூர்ப் பெரியவர் ஒருவர். எல்லோரும் அவரை 'நானா' என்றே அழைப்பார்கள்.

"தம்பி, நோன்புக் கஞ்சி அண்டாவில் ஓர் அகப்பையைப் போட்டு வேகமாகச் சுழற்றினால், பக்கத்தில் சும்மா கிடக்கும் அகப்பையும் கஞ்சியோடு சேர்ந்து சுழலுமா, சுழலாதா?" என்று கேட்டார். அதுவேதான் விஷயம். என்ஜினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் என்னும் வட்டக் கலம் இருக்கிறது. அதில் என்ஜின் ஒரு விசிறியைச் சுழற்ற, எண்ணெய் அந்தச் சுழற்சியைச் சுமந்து சென்று எதிரேயுள்ள விசிறியைத் திருப்புகிறது. இரும்புக்கும் இரும்புக்கும் தொடர்பில்லை, எண்ணெய்தான் தொடர்பு. அதே எண்ணெய், அழுத்தத்தோடு சிறு சிறு வழிகளில் ஓடிக் கிளட்ச் தட்டுகளை இறுக்கி கியரை மாற்றுகிறது. பற்சக்கரங்களை வழவழப்பாக்குகிறது. பிறந்த சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் விட்டு வருகிறது. என்ஜின் ஆயில் வழவழப்புத் தருவதோடும் குளிர்விப்பதோடும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. இதுவோ வேலைக்காரனாகவும் எசமானனாகவும் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த எண்ணெய் கிளட்ச் தட்டுகளை வழுக்கவும் விடவேண்டும். வழுக்காமல் பிடிக்கவும் செய்யவேண்டும். எவ்வளவு வழுக்கல், எவ்வளவு பிடிப்பு என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் பெட்டிக்கு ஏற்றவாறு வகுத்துக்கொள்கிறது. அதற்கென எண்ணெயில் சில இரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். ஒரு காலத்தில் இதற்கு ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்தார்கள் என்றால் நம்புவீர்களா? கடலோர ஊர்க்காரர்களான நமக்கு அம்பர் தெரியாததன்று. அந்த அம்பரைத் தரும் அதே திமிங்கிலந்தான்! 1970 களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்தபின் மாற்றுப் பொருள்களைத் தேட வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939 இல், 1940 ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளுக்காக 'ஹைட்ரமேட்டிக்' என்னும் தானியங்கிப் பெட்டியைப் பெருமளவில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்கான எண்ணெய்க்கு 1949 இல் 'டைப் ஏ' என்று இலக்கணம் வகுத்தது. பிறகு வந்த 'டெக்ஸ்ரான்' என்னும் பெயர்தான் இன்றுவரை கடைகளில் நிலைத்திருக்கிறது. ஃபோர்டு தனக்கென வேறு வகுத்தது. டொயோட்டா டி-4 என்றும், அதன்பின் டபிள்யூ.எஸ். என்றும் வைத்தது. நிஸ்ஸான், ஹோண்டா, மிட்சுபிஷி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. எல்லாம் சிவப்பாக இருப்பதால் எல்லாம் ஒன்று என எண்ணிவிடுகிறோம். அந்தச் சிவப்பு வெறும் சாயம்! கீழே ஒழுகினால் என்ஜின் ஆயிலா, கியர் ஆயிலா என்று பிரித்தறிய இட்ட நிறம். அதற்கும் தரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

என் வண்டி ஏன் நடுங்கியது என்பது இப்போது விளங்கும். ஓரளவு வேகம் வந்ததும் டார்க் கன்வர்ட்டருக்குள் ஒரு கிளட்ச் மெல்ல வழுக்கிக்கொண்டே பிடிக்கும்படி டொயோட்டா அமைத்திருந்தது. அந்த மென்மையான பிடிப்புக்கென்றே டி-4 எண்ணெய். பீப்பாய் எண்ணெயில் அந்தக் குணம் இல்லை. எனவே அந்தக் கிளட்ச் பிடித்து விட்டு, பிடித்து விட்டு நடுங்கிற்று. நானா பீப்பாயில் என்ன பெயர் எழுதியிருந்தது என்று கேட்டார். டெக்ஸ்ரான் 3 என்று நினைவு என்றேன். அந்தப் பெயருக்கு ஜெனரல் மோட்டார்ஸ் கொடுத்து வந்த உரிமம் 2006 ஆம் ஆண்டின் இறுதியோடு முடிந்துவிட்டது. அதன்பின் அந்தப் பெயரில் விற்பதற்கு அந்நிறுவனத்தின் சான்று கிடையாது என்றார். அதில் நல்ல எண்ணெயும் இருக்கலாம், எதுவும் இருக்கலாம்.

மலையில் இழுக்காமல் போனது வேறு காரணத்தால். அளவு பார்க்கும்போது என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் மேலே சுழன்ற எண்ணெய் கீழ்த் தட்டில் வடிந்து நிறைந்திருப்பது போலக் காட்டும். கராஜ்காரர்கள் என்ஜின் ஆயிலைப் பார்ப்பது போலவே நிறுத்தி வைத்துப் பார்த்தார்கள். ஒரு லிட்டருக்கும் மேலாகக் குறைத்து ஊற்றிவிட்டார்கள். ஏற்றத்தில் எண்ணெய் பின்னுக்குச் சரிய, பம்பு காற்றை உறிஞ்சிற்று. அழுத்தம் இல்லை, கிளட்ச் இறுகவில்லை.

ஆகவே, அளவுக் குச்சி உள்ள பழைய வண்டி வைத்திருப்போர் இதைச் சற்றுக் கவனமாகப் படியுங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடேறிய வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப் பிரேக்கைப் போடுங்கள். என்ஜினை ஓடவிட்டு, கால் பிரேக்கை மிதித்தபடி, கியர்க் கம்பியை ஒவ்வோர் இடத்திலும் ஓரிரு விநாடி நிறுத்தி, கடைசிவரை கொண்டுபோய் மீண்டும் 'பி'யில் வையுங்கள். பிறகு குச்சியை எடுத்து, நூல் உதிராத துணியால் துடைத்துச் செருகி எடுங்கள். குச்சியில் குளிருக்கு ஒரு குறி, சூட்டுக்கு ஒரு குறி இருக்கும். சூட்டுக் குறிகளுக்கு நடுவே எண்ணெய் நிற்கவேண்டும். குறைந்தால் கேடு. மிகுந்தாலும் கேடு; பற்சக்கரங்கள் கடைந்து நுரையாக்கிவிடும். சில வண்டிகளுக்கு, குறிப்பாகச் சில ஹோண்டா வகைகளுக்கு, என்ஜினை நிறுத்தியே பார்க்கவேண்டும் என்பதால், வண்டியோடு வந்த கையேட்டை ஒருமுறை புரட்டிவிடுங்கள். குச்சியே இல்லாத பிற்கால வண்டிகளில் எண்ணெயின் சூட்டை அளந்து, அடியிலுள்ள திருகைத் திறந்து அளவு பார்க்கிறார்கள். அதை வீட்டு வாசலில் செய்ய முயலாதீர்கள்.

அளவோடு நிறத்தையும் மணத்தையும் பாருங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. பழுப்பு, மாற்றும் காலம் வந்ததைக் காட்டுகிறது. கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் தட்டுகள் கருகியிருக்கின்றன. ரோஸ் மில்க் போல இளஞ்சிவப்பாக, பால் கலந்தது போலத் தெரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ரேடியேட்டருக்குள் ஓடும் எண்ணெய்க் குழாய் உடைந்து தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். பழைய வண்டிகளில் இது நடப்பதுண்டு. அதோடு இன்னும் பத்து மைல் ஓட்டிப் பார்ப்போமே என்று ஓட்டினால் பெட்டியே போய்விடும்.

எந்த எண்ணெய் என்ற கேள்விக்கு நானாவின் விடை எளிது: குச்சியில் அல்லது கையேட்டில் உள்ள பெயர். டொயோட்டாவே பின்னால் கொண்டு வந்த டபிள்யூ.எஸ். புதியது, ஆகவே சிறந்தது என்று பழைய பெட்டியில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது டி-4 ஐ விட நீர்த்தது. டி-4 கேட்கும் பெட்டிக்கு உரியதன்று. வேறு நிறுவனத்தார் செய்யும் எண்ணெயை வாங்கவே கூடாதா என்றால், வாங்கலாம்; புட்டியின் முதுகில் உங்கள் வண்டி கேட்கும் பெயர் வெளிப்படையாக அச்சாகியிருக்க வேண்டும். 'எல்லா வண்டிக்கும்' என்ற சொல் மட்டும் போதாது. சி.வி.டி. என்னும் பட்டை வகைப் பெட்டிக்கு எண்ணெயே வேறு. மாற்றி ஊற்றினால் திரும்பப் பெற வழியில்லை. தமிழ்நாட்டில் 2014 இல் செலேரியோவோடு பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. வண்டிகளும் இந்த வகையல்ல. அவை சாதாரண கியர்ப் பெட்டியை இயந்திரக் கையால் மாற்றுபவை. நான் சொல்வதை அவற்றுக்குப் பொருத்திவிடாதீர்கள்.

பழைய வண்டிக்கு எண்ணெயை மாற்றினால் பெட்டி போய்விடும் என்றொரு பேச்சு எங்கும் உண்டு. என் மச்சானும் அப்படித்தான் சொன்னார். அதில் பாதி உண்மை இருக்கிறது. மாற்றாமல் விட்ட பெட்டியில் கிளட்ச் தட்டுகள் தேய்ந்து, அந்தத் தூளே எண்ணெயில் மிதந்து சற்றுப் பிடிப்புத் தந்துகொண்டிருக்கும். இயந்திரத்தால் உந்திக் கழுவினால் அடியில் படிந்த கசடு கிளம்பி நுண்ணிய வழிகளை அடைக்கும். பிறகு எண்ணெய் மீது பழி! ஏற்கெனவே வழுக்கும் பெட்டியைப் புது எண்ணெய் குணப்படுத்தாது. வழுக்காத பெட்டியாயின், நானா இயந்திரத்தைத் தொடவே மாட்டார். அடித் திருகைக் கழற்றி, தானாக வடிவதை மட்டும் வடிய விடுவார். வடிந்ததை அளந்து, அதே அளவு புதிது ஊற்றுவார். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொல்லி மறுபடியும் அப்படியே.

கணக்குக்காரன் என்பதால் நான் எழுதிப் பார்த்தேன். பெட்டிக்குள் எட்டு லிட்டர் என்று கொள்வோம். ஒருமுறை வடிவது சுமார் மூன்றரை லிட்டர். மற்றது கன்வர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். முதல் முறையில் நூற்றுக்கு 44 பங்கு புதிதாகும். இரண்டாம் முறையில் 68. மூன்றாம் முறையில் 82. பத்தரை லிட்டர் செலவாகும், கொஞ்சம் வீண்தான். ஆனால் பெட்டிக்கு அதிர்ச்சியில்லை. வெயிலும் நெரிசலும் மிகுந்த வளைகுடாவில் நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இப்படி ஒருதடவை வடித்து ஊற்றிவிட்டால் போதும் என்பது அவர் வழக்கம். நானும் அதையே பின்பற்றினேன். ஆயுளுக்கும் மாற்றவேண்டாத எண்ணெய் என்று சில நிறுவனங்கள் சொல்வதுண்டு. யாருடைய ஆயுளுக்கு என்று நானா சிரிப்பார்.

இரண்டாம் முறை அடித் தட்டைக் கழற்றி வடிகட்டியையும் மாற்றினார். தட்டிலிருந்த காந்தங்களில் சாம்பல் நிறப் பசை படிந்திருந்தது. பயப்படாதே, இது வழக்கமான தேய்மானம்; இரும்புச் சில்லு கிடந்தால்தான் அழவேண்டும் என்றார். மூன்றாம் முறைக்குப்பின் நடுக்கம் முற்றிலும் நின்றது. ஆனால் மலையில் வறண்டு ஓடிய அந்த நாள் தன் தழும்பை விட்டுச் சென்றிருந்தது. இரண்டாவதிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போது என்ஜின் ஒரு கணம் உறுமிப் பிறகே பிடிக்கும். தட்டு தேய்ந்துவிட்டது தம்பி, நிதானமாக ஓட்டினால் ஓடும் என்றார் நானா. ஓடியது.

2019 இல் நான் ஊர் திரும்ப முடிவு செய்தேன். வண்டியை விற்கவேண்டும். விலை ஏழாயிரம் திர்ஹம் என்று நினைத்திருந்தேன்; குடும்பத்தாரின் விமானச் சீட்டுக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தேன். பழைய வண்டித் தரகர் ஒருவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கெட்டியான கரைசல் ஒன்று கடையில் கிடைக்கும். ஒரு புட்டி ஊற்றுங்கள், இரண்டு மாதத்துக்கு உறுமாது. அதற்குள் முல்கியா மாறிவிடும், நீங்களும் ஊரில் இருப்பீர்கள்" என்றார்.

கடைத் தெருவில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்ட நிகழ்ச்சியைச் சிறு வயதில் மதரஸாவில் கேட்டவன்தான் நான். என் பிள்ளைகளுக்கும் சொன்னவன். ஆயினும் உங்களிடம் மறைப்பானேன்? அந்தப் புட்டியை வாங்கினேன். இரண்டு நாள் அது டிக்கியில் கிடந்தது.

மூன்றாம் நாள், எங்கள் ஊர்ப் பையன் ஒருவர் வண்டி பார்க்க வந்தார். வேலைக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அடுத்த மாதம் மனைவி வருகிறாள் காக்கா, பேறுகாலம் இங்கேதான், ஆஸ்பத்திரிக்குப் போக வர ஒரு வண்டி வேண்டும் என்றார். அவருக்கு முன் ஓட்டும் இருக்கையில் அமர்ந்திருந்த எனக்கு, மஸாஃபி மலையும் உம்மாவின் முகமும் நினைவுக்கு வந்தன.

"மூன்றாவது கியரில் ஒரு குறை இருக்கிறது தம்பி. நீங்களே ஓட்டிப் பாருங்கள்" என்றேன். ஓட்டினார்; உறுமலைக் கேட்டார். நடந்ததை முழுதும் சொன்னேன். நானாவிடம் அழைத்துச் சென்றேன். நானா அவரையும் வைத்துக்கொண்டே ஓட்டிப் பார்த்து, ஊருக்குள் நிதானமாக ஓட்டினால் இன்னும் சில ஆண்டுகள் வரும், மலைக்குக் கொண்டுபோகாதே, பேறுகாலத்துக்கு மாற்று வண்டி ஒன்றையும் சொல்லி வை என்றார். ஐயாயிரத்துக்கு முடிந்தது. விமானச் சீட்டுக்குக் குறைந்த இரண்டாயிரத்தை மச்சானிடம் கைமாற்று வாங்கினேன்; ஊர் வந்து எட்டு மாதத்தில் அடைத்தேன்.

பையனுக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எத்தனை லிட்டர், எந்த எண்ணெய் என்று வரிசையாக. அடியில் நானாவின் தொலைபேசி எண். டிக்கியிலிருந்த புட்டியைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. இது என்ன காக்கா என்று பையன் கேட்டார். அதையும் சொல்லிவிட்டு, கராஜ் வாசலிலிருந்த கழிவு எண்ணெய்ப் பீப்பாயில் அவர் கண்முன்னே கவிழ்த்தேன்.